வேங்கைத் தூள்

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், திருத்தணி ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் தெருவில், வரதராஜன் வீட்டுத் தறிக்கூடத்தில் கூடியிருந்தவர்கள் இவர்கள்:

வரதராஜன். வீட்டுக்காரர், தறிக்காரர். சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

அவர் மனைவி மனோரமா. கூழ்ப் பானைக்கும் வந்தவர்களுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தாள்.

மனோரமாவின் தம்பி ராஜவேலு. பள்ளிப்பட்டிலிருந்து பைக்கில் வந்தவர். அக்காள் வீட்டுப் பஞ்சாயத்தும் ஆடிக்கூழும் ஒரே நாளில் அமைந்ததில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

சுதாகர். பொதட்டூர்பேட்டை முதலாளியிடம் வேலை செய்பவன். அந்த முதலாளிதான் வரதராஜனுக்குப் பாவு, அதாவது தறியில் ஏற்றும் நூல், கொடுத்துத் துணியாகத் திரும்ப எடுப்பவர் என்பதால் வீட்டிலிருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலி சுதாகருக்குப் போடப்பட்டிருந்தது.

முக்தார் அகமது. அரக்கோணத்தில் பழைய மெஷின்களை வாங்கி விற்பவர். வாசற்படியில் குந்தியிருந்தார். உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்டதற்கு, இங்கே காற்று நன்றாக வருகிறது என்று சொல்லிவிட்டார்.

மருமகள் தேவிப்பிரியா. இரண்டாவது தறிக்குப் பின்னால், பாதி தெரிகிற மாதிரி நின்றாள்.

கடைசியாகத் தணிகைமணி, வரதராஜனின் மகன். பேச்சே அவனைப் பற்றித்தான். அதனால் யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

தறிகள் இரண்டும் நின்றிருந்தன. தறி ஓடும் வீட்டில் இருந்து பழகியவர்களுக்கு மெதுவாகப் பேச வராது. தறி நின்ற பிறகும் அதே சத்தத்தில்தான் பேசுவார்கள். அந்த வீட்டுச் சண்டை எப்போதும் தெருவுக்கும் சேர்த்தே நடக்கும்.

கூடத்தின் நடுவில் வெள்ளை வேட்டித் துணி பிரித்துப் போடப்பட்டிருந்தது. துணி நெடுகப் பழுப்பு மஞ்சளில் புள்ளிகள். யாரோ டீயை வாயில் வைத்து ஊதித் துப்பியது போல இருந்தது.

"துவச்சுப் பாத்தீங்களா?" என்றான் சுதாகர்.

"தண்ணி பட்டாத்தாங்க இன்னும் ஊறுது. சோப்பு போட்டா செவக்குது." மனோரமா கூழ்ச் சொம்பை அவனிடம் நீட்டினாள். "நீங்க மொதல்ல இத்த குடிங்க."

"கருவாடு இல்லியாக்கா?" என்றார் ராஜவேலு.

"கிருத்திகை வருது. ஊரே காவடி தூக்கப் போவுது, இவனுக்குக் கருவாடு கேக்குது. முருங்கக்கீரை கீது, துன்னு."

சுதாகர் கூழைக் குடிக்காமல் சொம்பைத் தொடைமேல் வைத்துக்கொண்டான். "எப்பவும் போல லுங்கிப் பாவு குடுத்திருந்தாக்கூட கட்டத்துல தெரியாம பூட்டிருக்கும். இது வெள்ள. கிருத்திகைக்குக் கடைக்குப் போவ வேண்டிய சரக்கு. நான் போய் இன்னான்னு சொல்றது? மரத்தூள் வுழுந்துச்சுன்னா சொல்றது? தறி வூட்ல மரத்தூளு எங்கேர்ந்துடா வந்துச்சுன்னு முதலாளி கேப்பாரா மாட்டாரா?"

பதில் பக்கத்து அறையில் இருந்தது.

விஷயம் இவ்வளவுதான். அந்த அறையில் இருக்கும் மெஷின் ஓடினால் இந்த வீட்டுக்கு இனிமேல் பாவு வராது. மெஷின் நின்றால் தணிகைமணி மறுபடியும் நைட் ஷிஃப்ட் வேனில் ஏற வேண்டும்.

ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ்ஸில் அவன் நின்றான். சாயங்காலம் வேன் ஏற்றிக்கொண்டு போகும், விடிந்த பிறகு கொண்டுவந்து தள்ளும். பகலில் தூங்க வேண்டும். இரண்டு தறி ஓடும் வீட்டில் பகலில் தூங்குவது என்றால், மண்டைக்குப் பக்கத்தில் ஆணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருப்பது. தறியை நிறுத்தச் சொல்ல முடியாது. அவன் சம்பளம் வருவதற்கு முன்பிருந்தே சோறு போட்டது அதுதான். அதனால் காலையில் வீட்டுக்கு வந்து பல் விளக்கிவிட்டு ஸ்டேஷனுக்குப் போவான். சென்னைக்குப் போகும் ரயிலில் ஜன்னலோரம் தலையைச் சாய்த்துத் தூங்குவான். திரும்பும்போது அரக்கோணத்தில் இறங்கி, அடுத்த ரயில் வரும்வரை கடைத்தெருவில் நடப்பான். அப்படி நடந்தபோதுதான் முக்தார் பாயின் ஷெட்டைப் பார்த்தான்.

கம்பெனியில் அவனுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. சரக்கு ஏற்றும் மரப்பலகைச் சட்டங்கள் உடைந்து வரும். ஷிஃப்டில் மெஷின் பழுதாகி நிற்கும்போது அவற்றைப் பிரித்து ஆணி பிடுங்கி மறுபடி சேர்ப்பான். அந்த நேரத்தில் தூக்கம் வராது. மரத்தைத் தொட்டால் தூக்கம் வரவில்லை என்பதைத் தவிர, தச்சு வேலைக்கு வர அவனிடம் வேறு தகுதி எதுவும் இருக்கவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் வேன் வந்து ஹாரன் அடித்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குள்ளேயே நின்றான். வேன் போய்விட்டது. பெரிய முடிவாக எதுவும் எடுக்கவில்லை. கால் நகரவில்லை, அவ்வளவுதான். கம்பெனியிலிருந்து கடைசியாக வந்த பணத்தை எடுத்துக்கொண்டு முக்தார் பாயிடம் போனான்.

ஷெட்டில் அன்றைக்கு மர வேலைக்கு என்று இரண்டு இருந்தன. ஒன்று, ஆள் நீளத்துக்கு வார்ப்பிரும்பு மேசை வைத்த மெஷின். ஒரு பக்கம் இழைக்கும், நடுவில் அறுக்கும், கடைசியில் துளை போடும். இன்னொன்று, செத்துப்போன ஒரு தச்சரின் பெட்டி. உளிகள், இரண்டு இழைப்புளி, கைரம்பம், கொட்டாப்புளி, மேசையில் பூட்டி மரத்தை இறுக்கிப் பிடிக்கும் இரும்பு ஒன்று. பிடிகளெல்லாம் கை பட்டுக் கறுத்திருந்தன.

முக்தார் மோட்டாரைப் போட்டுக் காட்டினார். ஷெட் தரை அதிர்ந்தது. தணிகைமணிக்கு உள்ளங்காலில் அந்த அதிர்வு ஏறியது. வருஷக்கணக்கில் பிரஸ் முன்னால் நின்றவன். தரையை நடுக்காத ஒரு பொருள் வேலை செய்யும் என்று அவனால் நம்ப முடியவில்லை.

"எடுத்துக்கறேன் பாய்."

"எடுத்துக்கோ. இந்தப் பொட்டியையும் சும்மா தூக்கினு போ தம்பி. எடத்த அடச்சினு கீது."

"அது எதுக்கு பாய். மெஷின் கீதே, அப்பால உளிய வெச்சுகினு இன்னா பண்றது."

இதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தான். அந்தச் சிரிப்பு பிறகு பல நாள் அவனுக்கு ஞாபகம் வந்தது.

மெஷினைத் தறிக்கூடம் வழியாக உள்ளே கொண்டுபோக முடியவில்லை. தறியைப் பெயர்த்தால்தான் வழி. அதனால் நூல் மூட்டை போட்டுவைத்திருந்த பக்கத்து அறையின் வெளிச் சுவரை இடித்து, சந்து வழியாக உருளைக் கட்டைமேல் தள்ளி ஏற்றினார்கள். சுவரை மறுபடி கட்டிப் பூசினான். அடுத்த மாதமே சந்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாயம்மாள் மாடி எடுத்து, சந்தில் படிக்கட்டு போட்டுவிட்டாள். அவள் இடம், அவள் படி. கேட்க ஒன்றும் இல்லை.

வேலை வந்தது. வந்த வேலை எல்லாம் கையகலம். இழுத்தால் வராத மேசை டிராயர், ஆடுகிற கட்டில் கால், தறியில் உடைந்த கட்டை, மலையடிவாரத்துக் காவடிக்காரருக்கு வளைவுச் சட்டம். மெஷினில் முழத்துக்குக் குறைந்த துண்டை வைத்தால் மரத்தோடு விரலும் போகும். டிராயரை மடியில் வைத்துக்கொண்டு மெஷினைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். பசித்தவன் முன்னால் தூக்க முடியாத சாப்பாட்டுத் தட்டு வைத்தது மாதிரி.

அரக்கோணத்துக்கு ஓடினான். பெட்டி போய்விட்டிருந்தது. போனில் பார்த்து உளி செட் ஒன்று வரவழைத்தான். மஞ்சள் பிடி, பளபளப்பு. கெட்டி மரத்தில் முதல் தட்டுக்கே வாய் மடங்கியது. கையில் பிடித்து இழைக்கும் மின்சார இழைப்பான் வாங்கினான். அது பலகையில் வாய்க்கால் வெட்டியது. வாங்கிய ஒவ்வொன்றும் அதற்கு முன்னால் வாங்கியதைச் சரிக்கட்ட வாங்கியது. அலமாரி நிறைந்தது. டிராயர் அப்படியே இருந்தது.

கடைசியில் பெரிய வேலை கொடுத்தது ராஜவேலுதான். பள்ளிப்பட்டில் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார். இடித்த வீட்டு உத்தரம் முழுக்க வேங்கை மரம். அதில் வாசக்காலும் கதவும் ஜன்னலும் செய்யச் சொல்லி டாடா ஏஸில் ஏற்றி அனுப்பினார். மெஷினுக்குச் சரியான தீனி. தணிகைமணிக்கு அந்த மாதம் நன்றாகத் தூக்கம் வந்தது.

வேங்கைத் தூள் காய்ந்து கிடக்கும்போது வெறும் தூள்தான். ஈரம் பட்டால் சாயம் விடும். வேலை முடித்துக் கை கழுவும்போது தொட்டித் தண்ணீர் பழுப்பாக ஓடுவதை அவன் தினமும் பார்த்தான். ஆடிக் காற்றில் நூல் காய்ந்து இழை இழையாக அறும். அதற்காகத் தறிக்காரர்கள் தரையை நனைப்பார்கள், பாவின் மேல் கையால் தண்ணீர் தெளிப்பார்கள். நைனா வரதராஜனுக்குத் தண்ணீர்ச் சொம்பு எடுத்துக் கொடுத்து வளர்ந்தவன் அவன். இரண்டும் அவனுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. பஞ்சு பறக்கும் வீட்டில் பிறந்தவனுக்குத் தூசி என்பது கண்ணில் படுகிற பொருளே இல்லை.

சுதாகர் குனிந்து துணியின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே உள்சுற்றுப் பக்கம் போனான்.

"இன்னாங்க இது. கறை நேத்திக்கு வுழுந்தது இல்லியே. உள்ள சுத்துல ஆரம்பிச்சு மேல வரைக்கும் கீது. தறில நிக்கிறவங்க கண்ணுக்கு ஒரு வாட்டி கூடவா தெரியல?"

வரதராஜன் இமையைச் சுருக்கினார். "எனுக்குக் கண்ணு மங்கலுங்க. வெளிச்சத்துல நூலு தெரியும், புள்ளி தெரியாது. அது ரெண்டாவது தறித் துணி."

இரண்டாவது தறியில் நிற்பது தேவிப்பிரியா.

"நான் பாத்தேன்," என்றாள் அவள்.

மனோரமாவின் கையில் கூழ்க் கரண்டி நின்றது. "பாத்துட்டு?"

"சுத்தி வுட்டேன்."

"சுத்தி வுட்டியா?"

"ஆங். கறை உள்ள போவட்டும்னு துணிய உருளைல சுத்தி வுட்டேன். மேல வெள்ளையா வந்துடும்னு பாத்தேன். வரல."

"ஏம்மா," என்றார் ராஜவேலு, "அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லிருந்தா ஒரு மொழத்தோட பூட்டிருக்குமே."

"சொன்னா மெஷின நிறுத்துவீங்க. நிறுத்துனா அவரு வேன் ஏறுவாரு."

மனோரமா கரண்டியைப் பானையில் போட்டாள். "பாத்துக்கடா ராஜவேலு. புருசன் ராத்திரில வூட்ல இருந்தா போதும் இவளுக்கு. அடுப்பு எரிஞ்சா இன்னா, அணஞ்சா இன்னா."

"அதுக்கு இல்ல அத்தை." தேவிப்பிரியாவின் குரல் ஏறவில்லை. "அவரு நைட் ஷிஃப்ட் போனப்போ நீங்க தறிகிட்ட இருந்தீங்க. நான் அவரு எதுர்ல இருந்தேன். தட்டுல கைய வெச்சுகினு கண்ண தொறந்துகினே உக்காந்துனு இருப்பாரு. துன்னாரா இல்லியான்னு அவுருக்கே தெரியாது. துன்னேனான்னு என்னக் கேப்பாரு. நான் ஆமான்னா எழுந்துடுவாரு. ஒரு நாளு வேணும்னே துன்னுட்டீங்கன்னு சொல்லிப் பாத்தேன். எழுந்து போய்ட்டாரு. சோறு அப்படியே கீது."

வாசலில் முக்தார் தொண்டையைச் செருமினார். தணிகைமணி தரையில் விரிந்து கிடந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். தேவிப்பிரியா தன்மேல் கோபப்பட்டிருந்தால் நிமிர்ந்து இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். இவள் தன் பக்கம் நின்றுவிட்டாள். அதற்கப்புறம் போவதற்கு இடம் இல்லை.

"சரி," என்றார் ராஜவேலு, "நடந்தது நடந்துபோச்சு. பாயைக் கூட்டாந்ததே அதுக்குத்தான். பாய், உன் மெஷின நீயே எடுத்துக்கோ. கேஸ் முடிஞ்சுது." கொஞ்சம் யோசித்து, "ஆனா என் வாசக்கால் முடிஞ்சப்புறம் எடுத்துக்கோ," என்றார். "ஆவணில கிரகப்பிரவேசம். பத்திரிகை அடிச்சாச்சு."

"உனுக்கு வாசக்கால் முக்கியம்," என்றாள் மனோரமா.

"அக்கா, வாசக்கால் இல்லாத வூட்டுக்குள்ள அய்யரு எந்த வழியா வருவாரு? ஜன்னல் வழியாவா?"

முக்தார் எழுந்து உள்ளே வந்தார். "காட்டு, மொதல்ல பாக்கலாம்."

எல்லோரும் பக்கத்து அறைக்குள் போனார்கள். சுதாகர் மட்டும் சொம்பை வைத்துக்கொண்டு வாசற்காலில் நின்றான். தணிகைமணி விளக்கைப் போட்டான். மெஷின் அறையை அடைத்துக்கொண்டு நின்றது. ஆட்கள் அதைச் சுற்றிச் சுவரை உரசிக்கொண்டுதான் நிற்க முடிந்தது. மேசைமேல் ராஜவேலுவின் வாசக்கால் ஒன்று பாதி இழைத்துக் கிடந்தது. இழைத்த பாதி தேன் நிறத்தில் இருந்தது. ராஜவேலு அதைத் தடவிக் கொடுத்தார்.

முக்தார் பூசிய சுவரைத் தட்டிப் பார்த்தார். "இதுக்கு அந்தப் பக்கம்?"

"தாயம்மா வூட்டுப் படிக்கட்டு," என்றான் தணிகைமணி.

"தறிக்கூடம் வழியா?"

"தறியப் பேக்கணும்."

"அப்போ முழுசா வராது." முக்தார் மேசை விளிம்பில் விரல் முட்டியால் கொட்டினார். "வார்ப்பிரும்பு. பாக்கத்தான் யான மாதிரி கீது. சம்மட்டியால தலைல நாலு போட்டா பிஸ்கெட்டு மாதிரி வுட்டுக்கும். துண்டு துண்டா எடுத்துனு போறேன். ஆனா தம்பி, அப்படி எடுத்தா எட போட்டுத்தான் எடுப்பேன். மெஷின்னு எடுக்க முடியாது. வண்டில சம்மட்டி கீது. இப்பவே ஆவட்டும்னாலும் ஆவட்டும்."

"நல்ல பொட்டி ஒண்ணு சும்மா குடுத்தீங்களாமே," என்றார் வரதராஜன் திடீரென்று. "வாங்கினு வரலியாமே இவன்."

"குடுத்தேங்க. நாலு நாளு வெயில்ல கெடந்துச்சு. அப்பால காவடி செய்றவரு ஒருத்தரு பார்த்த ஒடனே தூக்கினாரு. உளி ஒவ்வொண்ணும் இன்னா எஃகு." முக்தார் நாக்கைத் தட்டினார். "நானே வெச்சிருந்திருப்பேன், எனுக்கு மரம் ஒத்துக்காது, தும்மல் வரும்."

"அந்தப் பேச்சு இப்ப இன்னாத்துக்கு," என்றான் தணிகைமணி.

"கேட்டேன்," என்றார் வரதராஜன். "கேக்கக் கூடாதா?"

தணிகைமணி மெஷின்மேல் கை வைத்தான். குளிர்ந்திருந்தது. இதை வாங்கிய நாளிலிருந்து இது இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்காத நாள் குறைவு. டிராயரோடு உட்கார்ந்திருந்தபோதெல்லாம் இதை வைதிருக்கிறான். சம்மட்டியை இவன் கையில் கொடுத்திருந்தால் போன மாதம் இவனே போட்டிருப்பான். இப்போது முக்தார் சொல்வதைக் கேட்டதும் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். மெஷின்மேல் இரக்கம் எதுவும் இல்லை. இந்த இடம் காலியானால் அங்கே நூல் மூட்டை வரும். நூல் மூட்டை வந்தால் வீட்டில் அவன் நிற்க என்று ஒரு இடமும் இருக்காது. தெருமுனையில் வேன் நிற்கும் இடம் இருக்கும்.

"ஒடைக்க வேணாம் பாய்," என்றான்.

"பாத்துக்கோ. அப்பால கூப்டா நான் அரக்கோணத்துலேர்ந்து வரணும்."

"வேணாம்."

"அப்போ பாவு?" என்று வாசற்காலிலிருந்து சுதாகர் கேட்டான். அவன் கூழைக் குடித்து முடித்திருந்தான். "நான் சொல்றத தப்பா எடுத்துக்காதீங்க. இந்தத் துணிய மட்டரகத்துல சேத்து எடுத்துக்கச் சொல்லி முதலாளிகிட்ட நான் பேசறேன். கத்துவாரு, எடுத்துப்பாரு. அடுத்த பாவு இந்த வூட்டுக்கு வரணும்னா எனுக்கு ஒரு பதிலு வேணும். தறியும் மெஷினும் ஒண்ணா ஓடாதுன்னு நான் போய்ச் சொல்லணும். எது நிக்கும்னு நீங்க சொல்லுங்க."

ராஜவேலு அக்காள் புருஷனைப் பார்த்தார். "பாவா, நீங்க சொல்லுங்க. வூடு உங்களுது."

வரதராஜன் பாதி இழைத்த வாசக்காலைப் பார்த்தார். மகனைப் பார்க்கவில்லை.

"ரெண்டும் ஓடட்டும்," என்றார். "ஒண்ணா ஓட வேணாம். தறி ஓடறப்போ மெஷின் நிக்கட்டும். தறி நின்னப்புறம் அவன் ஓட்டிக்கட்டும். பாவ நல்லா மூடிடலாம். இந்தக் கதவச் சாத்திடலாம்."

"கதவு இடுக்குல தூளு போவும் நைனா."

"இடுக்க அடை."

"அது நல்ல ரோசனைதான்," என்றார் ராஜவேலு. "கரண்ட்டும் இழுக்காது. ரெண்டும் ஒண்ணா ஓடுனா லைட்டே அழுதுகினு எரியுது."

சுதாகர் தலையாட்டினான். மனோரமா அடுப்புப் பக்கம் போனாள். முக்தார் தன் செருப்பைத் தேடினார். பிரச்சினை தீர்ந்துவிட்டது போல எல்லோரும் நகர்ந்தார்கள். தறி எப்போது நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். இருட்டிச் சாப்பாட்டு நேரம் வரும்போது நிற்கும். விடிந்ததும் ஓடும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தேவிப்பிரியா மட்டும் தணிகைமணியைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தரையில் கிடந்த துணியை மடிக்க உட்கார்ந்தாள்.

"பாய், கூழு குடிச்சிட்டுப் போங்க," என்றாள் மனோரமா அடுப்பிலிருந்து.

"கருவாடு இருந்தா உக்காருவேன்," என்றார் முக்தார்.

ராஜவேலு தொடையைத் தட்டிச் சிரித்தார். "கேட்டியாக்கா? நான் மட்டும் கேட்டா தப்பு."

மறுநாள் தணிகைமணி கதவு வேலை பார்த்தான். பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டிக் கதவின் நான்கு ஓரத்திலும் வைத்து ஆணி அடித்தான். கீழே இருந்த இடைவெளிக்குச் சாக்கைச் சுருட்டி வைத்தான். சந்துப் பக்கம் சுவரில் உச்சியில் இருந்த காற்றுப் பொந்தைத் திறந்துவிட்டான். தூள் அந்த வழியாகத் தாயம்மாளின் படிக்கட்டுக்குப் போகும். அவளுக்குப் பாவு கிடையாது. பகலெல்லாம் இதைச் செய்தான். தூங்கியிருக்க வேண்டும் என்பது மாலையில்தான் உறைத்தது.

தறிகள் நின்றன. சாப்பாடு ஆனது. வரதராஜன் தறிகளின் மேல் பிளாஸ்டிக் தாளைப் போட்டார். அதற்கு மேல் மனோரமா பழைய புடவைகளைப் போட்டுக் கட்டினாள். போர்த்திய தறிகள் இரண்டும் காய்ச்சல்காரர்கள் மாதிரி கிடந்தன.

தணிகைமணி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு மோட்டாரை ஓட்டினான். வாசக்காலை மேசையில் ஏற்றி ஒரு இழைப்பு தள்ளினான். பாதிக்குமேல் போகவில்லை, கதவு தானாகத் திறந்துகொண்டது. அதிர்வில் தாழ்ப்பாள் கழன்று விழுந்திருந்தது. கூடத்து வெளிச்சத்தில் தூள் புகைபோலப் போனது.

"நிறுத்து நிறுத்து," வரதராஜனின் குரல் வந்தது.

நிறுத்தினான். தாழ்ப்பாளைக் கயிற்றால் கட்டிப் பார்த்தான். மறுபடி ஓட்டினான். கயிறு தளர்ந்து, கதவு கைப்பிடி அளவு திறந்து ஆடியது. உள்ளே ஒரு மரத்துண்டை முட்டுக் கொடுத்தான். அதுவும் நடுங்கி நடுங்கி நகர்ந்தது. வாங்கும்போது உள்ளங்காலில் பிடித்திருந்த அதே நடுக்கம்தான்.

"வெளிய கொக்கி கீதே," என்றார் வரதராஜன். "நூல் மூட்ட போட்டப்போ பூட்டுனது. அதுல பூட்ட மாட்டு. கொக்கி செவுத்துல எறங்கி கீது, ஆடாது."

"வெளிய பூட்டுனா அவன் எப்படி வருவான்," என்றாள் மனோரமா.

"எதுக்கு வரணும்? வேல முடிஞ்சா தொறக்கறோம்."

"வேல முடிஞ்ச ஒடனே தொறந்தா தூளு அப்படியே வெளிய வரும் மாமா," என்றாள் தேவிப்பிரியா. பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஆங், அதுவும் சரிதான்," என்றார் வரதராஜன். "அடங்குனப்புறம் தொறக்கலாம். காத்தால."

அவர் படுக்கப் போனார். மனோரமா ஒரு சொம்பில் தண்ணீரும் தட்டில் மூடி வைத்த இரண்டு தோசையும் கொண்டுவந்து மெஷினின் ஓரத்தில் வைத்தாள். "பசிச்சா துன்னு," என்றாள். "வெறும் வயித்தோட கண்ணு முழிக்காதே." பிறகு அவளும் போனாள்.

தேவிப்பிரியா பூட்டும் கையுமாக வாசற்காலில் நின்றாள். ஒரு கோரைப் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தாள். மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் அதை விரித்துப் பார்த்தாள். முழுதாக விரியவில்லை. பாதி மடித்து வைத்தாள்.

"ஒண்ணுக்கு வந்தா?" என்றாள்.

"கதவத் தட்டறேன்."

"மெஷின் ஓடறப்போ தட்டுனா கேக்காது."

"நிறுத்திட்டுத் தட்டறேன்."

"எனுக்குத் தூக்கம் வந்துட்டா?"

அவள் தலையில் மரத்தூள் விழுந்திருந்தது. தட்டிவிடலாம் என்று கையைத் தூக்கினான். அவன் கையிலும் தூள்தான் இருந்தது.

"பள்ளிப்பட்டு மாமா வாசக்கால் எத்தினி கீது?" என்றாள்.

"கீது."

"அது முடிஞ்சா?"

"ஜன்னல் கீது. கதவு கீது. அப்பால வேற யாராவது குடுப்பாங்க."

"பகல்ல தூங்குவீங்களா?"

"தறி ஓடுமே."

அவள் கதவின் அடியைக் குனிந்து பார்த்தாள். "சாக்க நல்லா வெச்சுக்குங்க," என்றாள். "கீழ இடுக்கு கீது."

அவன் குனிந்து சாக்கை உள்பக்கமிருந்து காலால் நெட்டித் தள்ளினான். நிமிர்ந்தபோது கதவு மூடிக்கொண்டிருந்தது. சைக்கிள் டியூப் நான்கு ஓரத்திலும் அமுங்கியது. கூடத்து வெளிச்சம் ஒரு கோடாகி, நூலாகி, போயிற்று. கொக்கி விழுந்தது. பூட்டு கொக்கிக்குள் நுழைந்து அமுங்கியது. அவள் அதை ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். திறக்கவில்லை.